ஒரு கேம் ஜெயித்ததா தோற்றதா: எந்தக் கணக்கைப் பார்த்து முடிவெடுப்பது?

கணினி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் எந்தப் பெரிய கேம் வெளியானாலும் மறுநாளே யாராவது, அங்கே எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று காட்டும் ஸ்டீம்டிபி தளத்தின் வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். கோடு ஏறினால் மாஸ் ஹிட், இறங்கினால் செத்த கேம். வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவரும் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் பர்ஸைத் திறக்கிறார் அல்லது மூடுகிறார். கேம் செய்யும் சின்ன ஸ்டுடியோக்களுக்கும் இதே பழக்கம் தொற்றியிருக்கிறது.

பார்ப்பதற்கு வேறு கணக்குகளும் இருக்கின்றன: எத்தனை விற்றது, செலவு போக என்ன மிஞ்சியது, ரிவ்யூ எப்படி, வாங்கியவர்கள் எவ்வளவு தூரம் ஆடினார்கள், விருது கிடைத்ததா. இவற்றில் எதை எப்போது நம்பலாம் என்பதுதான் இங்கே விஷயம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடுவதற்கு இன்னொரு ஆள் தேவைப்படும் கேமுக்கு ஆன்லைன் எண்ணிக்கையை முதலில் பாருங்கள். தனியாக ஆடும் கேமுக்கு அதைக் கடைசியில் பாருங்கள், பார்க்காமல் விட்டாலும் பரவாயில்லை.

அந்த எண் எதை எண்ணுகிறது?

இந்த நேரத்தில், ஸ்டீம் வழியாக, இந்த கேமைத் திறந்து வைத்திருப்பவர்கள் இத்தனை பேர். அவ்வளவுதான் அது சொல்வது. பிளேஸ்டேஷனிலும் நின்டெண்டோ ஸ்விட்ச்சிலும் ஆடுபவர்கள் அதில் வரமாட்டார்கள். ஃபோர்ட்நைட்டும் ரோப்லாக்ஸும் ஸ்டீமிலேயே கிடையாது. நம் ஊர்ப் பையன்கள் ராத்திரி முழுக்க ஆடும் பிஜிஎம்ஐயும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸும் போன் கேம்கள். அந்த வரைபடத்தைப் பொறுத்தவரை அவர்கள் உலகத்திலேயே இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்த எண்ணில் ஆட்களோடு நேரமும் கலந்திருப்பது. கல்யாணப் பந்தியில் இப்போது உட்கார்ந்திருப்பவர்களை எண்ணினால் மொத்தம் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தெரியாது. ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் இலையில் உட்கார்ந்தார்கள் என்பதும் அதில் சேர்ந்தே வரும். ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரிந்துவிடும். இரண்டு கேம்கள். ஒவ்வொன்றையும் முதல் மாதத்தில் ஒரு லட்சம் பேர் வாங்கி, அந்த மாதத்துக்குள்ளேயே ஆடி முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது ஒன்றரை மணி நேரக் கதை. மொத்த ஆட்ட நேரம் 1.5 லட்சம் மணி. 30 நாளுக்கு 720 மணி நேரம். வகுத்தால், எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் சராசரியாக 208 பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது 60 மணி நேர ஆர்பிஜி (ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் நீளமான கேம்). மொத்தம் 60 லட்சம் மணி, சராசரி 8,333 பேர். விற்பனை அதே ஒரு லட்சம்தான், ஆனால் வரைபடத்தில் 40 மடங்கு வித்தியாசம். முதல் கேமை வாங்கிய எல்லோரும் அழுது சிரித்து நண்பர்களிடம் சொல்லியிருந்தாலும் அந்த 208 பெரிதாக ஏறிவிடாது.

இதற்கு நமக்கு நெருக்கமான உதாரணமே இருக்கிறது. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட 'வெண்பா'. 1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு பழசாகி, பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போனதை நாம் யூகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர். மொத்தமும் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முடித்தவர் மறுநாள் அதைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. இப்படிப்பட்ட கேமுக்கு 'இப்போது எத்தனை பேர்' என்ற கேள்வியே பொருந்தாது. அது 2024ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது. அதே ஆண்டு சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மைப் பரிசையும் வாங்கியது.

எதிர்த்திசையிலும் ஒரு உதாரணம் உண்டு. 2024 ஜூனில் 'பனானா' என்ற இலவச கேம் ஸ்டீமில் ஒரே நேரத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் காட்டியது. திரையில் ஒரு வாழைப்பழப் படம். அதை கிளிக் செய்யலாம். வேறொன்றும் இல்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழம் கணக்கில் விழும், அதை ஸ்டீம் சந்தையில் விற்கலாம். பல கணக்குகளில் திறந்து வைத்துவிட்டுத் தூங்கியவர்களும், ஆளே இல்லாமல் தானாக ஓடும் பாட் நிரல்களுமாகச் சேர்ந்ததுதான் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி. உழைத்துச் செய்த எத்தனையோ கேம்கள் அந்த மாதம் பட்டியலில் இந்தப் பழத்துக்குக் கீழே இருந்தன.

இதற்காக அந்த எண் எப்போதும் பொய் என்று சொல்லவரவில்லை. சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று 40 டாலர் விலையில் வந்தது. ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் துப்பாக்கி கேம். ஸ்டீமில் அதன் உச்சமே 697 பேர். செப்டம்பர் 6 அன்று சர்வரை நிறுத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்டோபரில் அதைச் செய்த ஃபயர்வாக் ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள். இங்கே எண்ணிக்கை சொன்னது அப்பட்டமான உண்மை. பத்துப் பேர் சேராவிட்டால் ஆட்டமே தொடங்காது, அப்புறம் கேம் நன்றாக இருந்து என்ன பயன்?

இந்த வகை கேமை வாங்குபவர்கள் உலகக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஸ்டீம்டிபி 3,000 என்று காட்டுகிறது என்று வையுங்கள். நம் பக்கத்து சர்வர்களில் அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 600. மூன்று மோடுகளில் (ஆட்ட வகைகளில்) பிரிந்தால் 200. அதிலும் பெரும்பாலோர் ஏற்கெனவே ஓர் ஆட்டத்துக்குள் இருப்பார்கள். மிச்சம் இருப்பவர்களில் உங்கள் ரேங்க்குக்கு ஒத்து வருபவர்கள் வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் காத்திருந்து, கடைசியில் ஐரோப்பா சர்வரில் 180 பிங்கோடு, அதாவது இழுவையான தாமதத்தோடு, ஆடுவீர்கள். ஒரே ஒரு உச்ச எண்ணைப் பார்ப்பதைவிட, நீங்கள் வழக்கமாக ஆடும் நேரத்தில் அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதற்குக் காசு எதுவும் இல்லை.

விற்பனை பெரிதா, மிச்சம் பெரிதா?

விற்பனைக் கணக்கு ஆன்லைன் எண்ணிக்கையைவிட நேர்மையானது. ஒருவர் ஒன்றரை மணி நேரம் ஆடினாலும் நூறு மணி நேரம் ஆடினாலும் ஒரு பிரதி ஒரு பிரதிதான். ஜப்பானின் பாக்கெட்பேர் 2024 ஜனவரியில் விட்ட 'பால்வேர்ல்டு' ஸ்டீமில் 21 லட்சம் பேரைத் தொட்டு, சில வாரங்களிலேயே மளமளவென்று இறங்கியது. உடனே 'போச்சு' என்று செய்திகள். அதற்குள் ஒரே மாதத்தில் ஸ்டீமில் மட்டும் 1.5 கோடி பிரதிகள் விற்றிருந்தன. ஆடி முடித்துவிட்டால் வேறு கேம் ஆடப் போங்கள், தப்பில்லை என்று கம்பெனித் தரப்பிலிருந்தே சொன்னார்கள். காசு வாங்கி கல்லாவில் போட்டாகிவிட்டது, அவர்களுக்கென்ன?

ஆனால் விற்பனையை மட்டும் தனியாகப் பார்த்தாலும் ஏமாந்துவிடுவோம். 2013 மார்ச்சில் வந்த 'டூம் ரெய்டர்' சில வாரங்களிலேயே 34 லட்சம் பிரதிகள் விற்றது. வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸ் அந்த மாதமே, விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை என்று அறிவித்தது. அந்த நிதியாண்டில் 1,300 கோடி யென் நட்டம் வரும் என்றும் சொன்னது. தலைவர் யோய்ச்சி வாடா பதவி விலகினார். கேமைக் குறை சொன்னவர்கள் அதிகம் இல்லை. போட்ட பணமும் வைத்த இலக்கும் அந்த அளவுக்குப் பெரிதாக இருந்தன.

இன்னொரு பக்கம் 'ஸ்டார்டியூ வேலி'. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து, படம், இசை, புரோகிராமிங் எல்லாவற்றையும் தானே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். 2024 டிசம்பர் நிலவரப்படி 4.1 கோடி பிரதிகள். ஸ்டீமில் அதன் ஆன்லைன் உச்சம் வெளியான மாதத்தில் வரவில்லை. எட்டு வருடம் கழித்து 2024 மார்ச்சில், 1.6 அப்டேட் வந்தபோதுதான் வந்தது. முதல் வார வரைபடத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் இந்த மாதிரி கேமை எந்தக் கட்டத்தில் போடுவார்கள் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

ஆகவே, செய்பவருக்கு உதவும் ஒரே கணக்கு செலவு போக மிஞ்சியது. அதையும் கைக்கு வரும் காசில் போட வேண்டும். கேமின் விலை வரியோடு 500 ரூபாய் என்றால், 18 சதவீத ஜிஎஸ்டி போனால் 424. ஸ்டீம் எடுப்பது 30 சதவீதம். மிச்சம் 297. இது முழு விலையில் விற்றால்தான். கோடைக்கால சேலில் பாதி விலைக்குக் கொடுத்தால் 148. ரீஃபண்ட் போனதையும் கழிக்க வேண்டும். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் ஸ்டீம் காரணம் கேட்காமல் பணத்தைத் திருப்பித் தந்துவிடும். ஒன்றரை மணி நேரக் கதை கேம் செய்பவர்களுக்கு இந்த இரண்டு மணி நேர விதி ஒரு தலைவலி. முழுக்க ஆடி ரசித்துவிட்டுக் காசையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது கோயம்புத்தூரில் நான்கு பேர் கொண்ட ஒரு ஸ்டுடியோவைக் கற்பனை செய்வோம். ஆளுக்கு மாதம் 40,000 ரூபாய், இரண்டு வருடம்: 38.4 லட்சம். ஒரு பிரதிக்குச் சராசரியாக 200 ரூபாய் கைக்கு வந்தால் 19,200 பிரதிகள் விற்றாலே போட்ட பணம் வந்துவிடும். அது எட்டு மணி நேர கேம், இந்த விற்பனை ஒரு வருடத்தில் பரவலாக நடக்கிறது என்று வையுங்கள். 1,53,600 மணி நேரத்தை ஒரு வருடத்தின் 8,760 மணியால் வகுத்தால் சராசரி ஆன்லைன் எண்ணிக்கை 18கூட இல்லை. கடன் இல்லாமல், சம்பள பாக்கி இல்லாமல், அடுத்த கேமைத் தொடங்கத் தயாராக இருக்கும் ஸ்டுடியோவின் வரைபடம் அப்படித்தான் தெரியும். அதைப் பார்த்துக் கீழே கமென்ட்டில் என்ன எழுதுவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

சந்தா முறை வந்த பிறகு இதில் இன்னொரு குழப்பம். 2023 ஜனவரி 25 அன்று மைக்ரோசாஃப்ட் முன்னறிவிப்பே இல்லாமல் 'ஹை-ஃபை ரஷ்'ஷை வெளியிட்டது, அன்றே கேம் பாஸ் என்ற தன் சந்தா சேவையிலும் சேர்த்தது. அந்த ஆகஸ்ட்டுக்குள் 30 லட்சம் பேர் ஆடியிருந்தார்கள். ரிவ்யூ பிரமாதம். எல்லா முக்கிய அளவுகோலிலும் இது பெரிய வெற்றி என்று எக்ஸ்பாக்ஸ் தரப்பிலேயே பொதுவெளியில் சொன்னார்கள். பாஃப்டா உள்படப் பல விருதுகள். 2024 மே மாதம் அதைச் செய்த டாங்கோ கேம்வொர்க்ஸை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. பிறகு ஆகஸ்ட்டில் கிராஃப்டன் என்ற தென்கொரிய கம்பெனி வந்து கையில் எடுத்துக்கொண்டது வேறு கதை. 'ஆடியவர்கள் 30 லட்சம்' என்ற வரியில் காசு கொடுத்து வாங்கியவர் எத்தனை, ஏற்கெனவே கட்டிய சந்தாவில் பத்து நிமிடம் எட்டிப் பார்த்தவர் எத்தனை என்று பிரித்துச் சொல்வதில்லை. 'விற்றது' என்று எழுதாமல் 'ஆடினார்கள்' என்று எழுதியிருந்தால் அங்கேயே ஒரு நொடி நின்று யோசியுங்கள்.

ரிவ்யூவை எப்படிப் படிப்பது?

வாங்குபவருக்கு என்னைக் கேட்டால் இதுதான் சிறந்த கருவி. சதவீதத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தால் பயனில்லை. 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பர் 10 அன்று வந்தபோது ஸ்டீமில் 10 லட்சத்துக்கும் மேல் ஒரே நேரத்தில் ஆடினார்கள். அதே டிசம்பர் 18ல் சோனி அதைத் தன் கடையிலிருந்தே தூக்கிவிட்டது. பழைய பிளேஸ்டேஷன் 4ல் அது அவ்வளவு மோசமாக ஓடியது. ஆன்லைன் எண்ணிக்கை சாதனை படைத்துக்கொண்டிருந்த அதே வாரத்தில் காசைத் திருப்பிக் கேட்டு வரிசை நின்றது. எந்தக் கணினியில், எந்த கன்சோலில் எப்படி ஓடுகிறது என்ற விவரம் ரிவ்யூவில் மட்டும்தான் கிடைக்கும்.

ஸ்டீம் ரிவ்யூ ஒவ்வொன்றின் மேலும் எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார் என்று போட்டிருக்கும். எழுதும்போது எவ்வளவு, இப்போது மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் காட்டும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். 0.6 மணி நேரம் ஆடிவிட்டு 'குப்பை' என்று எழுதியவருக்குக் கேம் திறக்காமலே போயிருக்கலாம். 900 மணி நேரம் ஆடிவிட்டு 'வாங்காதீர்கள்' என்பவர் புது அப்டேட் மேல் கோபத்தில் இருக்கிறார். முதல் 900 மணி நேரம் அவருக்குப் பிடித்துத்தான் இருந்திருக்கிறது. 15லிருந்து 40 மணி நேரத்துக்குள் ஆடி, இது நன்றாக இருக்கிறது, அது சரியில்லை என்று இரண்டையும் சொல்பவரின் ரிவ்யூ பத்துப் படித்தால் போதும்.

'மொத்தம்', 'சமீபத்தியவை' என்ற இரண்டு வரிகளும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. 'நோ மேன்ஸ் ஸ்கை' 2016ல் வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஹலோ கேம்ஸ் வருடக்கணக்கில் இலவச அப்டேட்டாகக் கொடுத்துக் கொடுத்து, 2024 இறுதியில்தான் மொத்த ரிவ்யூவே 'வெரி பாசிட்டிவ்' நிலைக்கு ஏறியது. 'ஹெல்டைவர்ஸ் 2' எதிர்மாறாக, 2024 மே மாதம் ஒரே வார இறுதியில் இரண்டு லட்சத்துக்கும் மேல் எதிர் ரிவ்யூ வாங்கியது. கேமில் குறை வந்து அல்ல. பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆகவேண்டும் என்று சோனி சொன்னதால். அந்தக் கணக்கே தொடங்க முடியாத நாடுகள் நூற்றுக்கும் மேல் இருந்தன. சில நாளில் சோனி பின்வாங்கியது. எதிர் ரிவ்யூவின் சிவப்பு நிறத்தைப் பார்த்தவுடன் பயந்துவிடாமல், தேதியைப் பாருங்கள்.

ரிவ்யூ எண்ணிக்கையை 30லிருந்து 60 வரை பெருக்கினால் உத்தேசமாக விற்பனை வரும் என்று கேம் செய்பவர்களிடம் ஒரு வழக்கு இருக்கிறது. மிகத் தோராயம்தான், ஆனாலும் ஆன்லைன் உச்சத்தை வைத்து யூகிப்பதைவிட மேல்.

யாரும் எட்டிப் பார்க்காத பக்கம்

ஸ்டீமில் பெரும்பாலான கேம்களுக்கு அச்சீவ்மென்ட் பக்கம் இருக்கும். அச்சீவ்மென்ட் என்பது ஆட்டத்தில் ஒரு கட்டத்தை எட்டினால் கிடைக்கும் பதக்கம். உலக அளவில் எத்தனை சதவீதம் பேர் எதை எட்டினார்கள் என்று அதில் வரிசையாகப் போட்டிருக்கும். கதையோடு ஒட்டி வரும் அச்சீவ்மென்ட்களை மட்டும் பொறுக்கிப் பாருங்கள். முதல் பாஸை (வழிமறிக்கும் பெரிய வில்லனை) வென்றவர்கள் 70 சதவீதம், இரண்டாவதை 64, மூன்றாவதை 21 என்று இருந்தால், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஏதோ ஒன்று ஆட்களை விரட்டியிருக்கிறது. 70, 61, 52, 44 என்று மெதுவாக இறங்கினால் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இறுதி எண்ணை மட்டும் பார்த்துக் குறைவு என்று சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலான கேம்களைப் பலர் பாதியில்தான் விடுகிறார்கள். சேலில் வாங்கி ஒருநாள் தொட்டுவிட்டு மூடியவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. எங்கே சரிகிறது என்பதுதான் செய்தி. சின்ன ஸ்டுடியோவில் இருப்பவர்களுக்கு இதைவிட உபயோகமான இலவசத் தகவல் வேறு இல்லை. தன்னுடையதை மட்டுமில்லாமல், தன்னைப் போன்ற கேம்கள் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

விருதுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1,100 பவுண்டு அளவுக்குச் செலவழித்துத் தொடங்கிய 'வேம்பயர் சர்வைவர்ஸ்' 2023ல் 'எல்டன் ரிங்'கைத் தாண்டி பாஃப்டாவின் சிறந்த கேம் ஆனது. அந்த மாதிரி நேரத்தில் பெயர் வெளியே தெரியும், அடுத்த கேமுக்குப் பணம் போட ஆள் கிடைக்கும். ஸ்டுடியோவைக் காப்பாற்றுமா என்றால், டாங்கோவைப் பார்த்தோமே.

சரி, எதை வாங்குவது?

போட்டி கேம் என்றால் நீங்கள் ஆடும் நேரத்து ஆன்லைன் எண்ணிக்கை, அப்புறம் ரிவ்யூ. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஆடும் கூட்டு கேம் என்றால் அந்த நாலு பேர் வருவார்களா என்பது மட்டும்தான் கேள்வி. உலகத்தில் வேறு யாரும் ஆடாவிட்டாலும் உங்களுக்கு நட்டமில்லை. தனி ஆளாக ஆடும் கதை கேம் என்றால் ரிவ்யூ, அச்சீவ்மென்ட், விலை. ஆன்லைன் கோடு எவ்வளவு சரிந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்றுகூடச் சொல்வேன்: பிழை எல்லாம் திருத்தியிருப்பார்கள், விலையும் இறங்கியிருக்கும்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு, தனியாக ஆடினாலும் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்கும் கேம்கள். யூபிசாஃப்டின் 'தி க்ரூ' 2014ல் வந்த கார் பந்தய கேம். கதையைத் தனியாகவே ஓட்டி முடிக்கலாம், ஆனால் இணையம் இல்லாமல் திறக்காது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் டிஸ்க் இருந்தும் ஆட முடியவில்லை. அதிலிருந்து கிளம்பிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் மனுவுக்கு ஐரோப்பாவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் கையெழுத்துக்கு மேல் விழுந்தது. இந்த மாதிரி கேமில் ஆட்கள் குறைவது உங்கள் பிரச்சினையும்தான். எத்தனை பேர் குறைந்தால் கம்பெனி சர்வர் வாடகை கட்டுவதை நிறுத்தும் என்று உங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். வாங்கியவுடன் ரீஃபண்ட் நேரம் முடிவதற்குள் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் வைத்துக்கொள்வதா திருப்பிக் கொடுப்பதா என்பதை அன்றே முடிவு செய்துவிடலாம்.